நீராவியும் மாயப் பிராணியும்

இளைஞர்களுக்கென ஆங்கிலத்தில் எழுதப்படும் நாவல்களுள், கொதிகலனும் பல்சக்கரமும் ஆகாயக் கப்பலும் ஒருபுறமாக, பேசும் கரடியும் சிறகு முளைத்த சிறுத்தையும் அடுப்பில் கட்டுண்ட தீப்பூதமும் மறுபுறமாக, ஒன்றுக்கொன்று சற்றும் ஒவ்வாத இரண்டு உலகங்களை ஒரே கதைக்குள் குடியேற்றி வைக்கும் ஒரு வகை, சென்ற முப்பது ஆண்டுகளுக்குள் பெருகி வளர்ந்திருக்கிறது. ஸ்டீம்பங்க் என்ற பெயரால் வழங்கும் பேரினத்தின் ஒரு கிளை அது. யந்திரம் விதிகளுக்குக் கட்டுப்பட்டது; இத்தனை நிலக்கரி எரிந்தால் இத்தனை நீர் ஆவியாகும், அந்த ஆவி இத்தனை பாரத்தைத் தள்ளும் என்று கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். மாயப் பிராணியோ அத்தகைய கணக்குகளுக்கு வெளியே பிறந்தது. இவ்விரண்டும் ஏன் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன, அந்தச் சேர்க்கை எந்த நாவல்களில் உயிர் பெற்று நிற்கிறது, எவற்றில் வெறும் ஜோடனையாக முடிந்துவிடுகிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு. விக்டோரியா காலத்துப் பித்தளையின் பளபளப்பிலும், கைக்கடங்காத பெரிய நெம்புகோல்களிலும், கண்ணால் பார்த்து விளங்கிக்கொள்ளக்கூடிய யந்திரங்களிலும் இக்காலத்து வாசகனுக்கு ஒரு மோகம் இருக்கிறதென்றும், மாயாஜாலக் கதைகளில் அவனுக்கு ஏற்கெனவே இருந்த பிரியத்தோடு பதிப்பாளர்கள் அந்த மோகத்தையும் கூட்டி விற்பனை செய்தார்கள் என்றும் கூறுவார்கள். சந்தையைப் பற்றிய விளக்கமாக இது சரியாகவே இருக்கலாம். ஆனால் இவ்வகையின் சிறந்த நாவல்களை ஊன்றிப் படிக்கிறவர்களுக்கு இது திருப்தி தராது. நீராவி யுகம் தன் யந்திரங்களை இயக்குவதற்கு எதையெல்லாம் எரித்தது, யாருடைய முதுகின்மேல் ஏறிச் சென்றது என்பதைக் கதையாக்க முற்படும் ஆசிரியனுக்கு யந்திரம் மட்டும் போதாது. இரும்புக்குப் பசி இல்லை, களைப்பு இல்லை, மாட்டேன் என்று மறுக்கும் வாயும் இல்லை. பசிக்கவும் களைக்கவும் மறுக்கவும் வல்ல ஓர் உயிரை அந்த இரும்பின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும்போதுதான், சுமை என்பது இன்னது, அதைச் சுமப்பவர் இன்னார் என்பது வாசகனின் கண்ணுக்குப் புலனாகிறது. மாயப் பிராணி இந்த நாவல்களுக்குள் வந்த காரணம் இதுவே என்பது என் துணிபு. இந்த அளவுகோலைக் கொண்டே நாவல்களின் தரத்தையும் நிர்ணயிக்கலாம் என்று கருதுகிறேன்.

முதலில் சிறிது சரித்திரம். 1987ஆம் ஆண்டு லோகஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்குக் கே. டபிள்யூ. ஜீட்டர் எழுதிய கடிதத்தில்தான் ஸ்டீம்பங்க் என்ற பெயர் முதன்முதலாக அச்சேறியது. தாமும் தம் நண்பர்களான டிம் பவர்ஸ், ஜேம்ஸ் பிளேலாக் ஆகிய இருவரும் எழுதிவந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பின்னணிக் கற்பனைகளுக்கு அவர் இட்ட பெயர் அது. பின்னாளில், யந்திரத்தைப் பற்றிய கதையில் மாயத்துக்கு என்ன வேலை என்று கேட்கும் தூய்மைவாதிகள் தோன்றினார்கள். அவர்கள் எடுத்துக்காட்டும் பிரமாணம், சார்லஸ் பாபேஜின் கணித யந்திரம் அவர் காலத்திலேயே நிறைவேறியிருந்தால் இங்கிலாந்து எப்படி மாறியிருக்கும் என்று கற்பனை செய்து வில்லியம் கிப்ஸனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் 1990இல் வெளியிட்ட நாவல். ஆனால் அதற்கு ஏழு ஆண்டுகள் முன்னதாகவே பவர்ஸின் அனுபிஸ் கேட்ஸ் நாவலில் எகிப்திய மந்திரவாதிகள் லண்டன் தெருக்களில் உலவத் தொடங்கிவிட்டார்கள். 1979இல் வந்த ஜீட்டரின் மார்லாக் நைட் நாவலில் ஆர்தர் அரசனே மீண்டும் வருகிறான். ஆகவே மாயம் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட சரக்கன்று. இவ்வினம் பிறந்தபோதே உடன் பிறந்தது.

பெயர் புதிதே தவிர, பொருள் பழையது. 1863இல் சார்லஸ் கிங்ஸ்லி என்ற பாதிரியார் எழுதிய வாட்டர் பேபிஸ் என்ற கதையை இதன் பாட்டன் என்று சொல்லலாம். புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரியைச் சுரண்டும் டாம் என்ற சிறுவன், செய்யாத திருட்டுக்குத் துரத்தப்பட்டு, ஆற்றில் வீழ்ந்து, நீர்க்குழந்தையாக மாறி, நீர்வாழ் பிராணிகளின் நடுவே கல்வி பெறுகிறான். டார்வினின் நூல் வெளிவந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன; பாதிரியாராக இருந்தும் அக்கொள்கையை ஆதரித்தவர் கிங்ஸ்லி. கரி பிடித்த சிறுவன், மாயப் பிராணிகள், டார்வினின் விஞ்ஞானம் ஆகிய மூன்றும் ஒரே நூலில் சந்தித்ததும், அது வெளிவந்த மறு ஆண்டே புகைபோக்கிச் சிறுவர்களைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நிறைவேறியதும், அந்தச் சட்டம் பயனற்றுப் போகவே 1875இல் மேலும் கடுமையான சட்டம் தேவைப்பட்டதும், கற்பனைக் கதை எத்தகைய நிலத்தில் வேரூன்றி எழுந்தது என்பதை நன்றாகக் காட்டுகின்றன. கிங்ஸ்லியின் உபதேசப் போக்கும் பிற இனத்தாரைப் பற்றிய இழிவான சொற்களும் இன்று படிக்கையில் வெறுப்பையே தருகின்றன. எனினும், எரிபொருளின் பக்கத்தில் ஒரு குழந்தையை நிறுத்திக் கதை சொல்லலாம் என்று கண்டவர் அவர்.

மற்றொரு முன்னோர் ஜூல்ஸ் வெர்ன். 1880இல் வெளிவந்த அவருடைய நீராவி வீடு என்ற நாவல் நம் நாட்டிலேயே நிகழ்கிறது. கல்கத்தாவிலிருந்து புறப்படும் சில ஐரோப்பியர்கள், சக்கரங்கள் பூட்டிய இரண்டு வீடுகளில் அமர்ந்து வட இந்தியாவைச் சுற்றிவருகிறார்கள். அவ்வீடுகளை இழுப்பது எஃகினால் செய்த ஒரு யானை. அதன் வயிற்றில் கொதிகலன், துதிக்கையின் வழியே புகை. பிராணியின் உருவத்துக்குள் யந்திரத்தை மறைப்பது நம் காவியங்களுக்குப் புதிதன்று. உதயணனைச் சிறைப்பிடிக்க வந்த பொறியானையைப் பெருங்கதையிலும், விசயை ஏறித் தப்பிய மயிற்பொறியைச் சிந்தாமணியிலும் கண்டவர்கள் நாம். ஆனால் வெர்னின் யானையில் வேறொரு செய்தி இருக்கிறது. ஓர் இந்தியச் சிற்றரசனின் உயிருள்ள யானைகள் மூன்று அதனோடு பலப்பரீட்சை செய்து தோற்கின்றன. 1857 எழுச்சியின் நினைவு நாவல் முழுவதும் நிழலாகத் தொடர்கிறது. அவ்வெழுச்சியின் தலைவர்களுள் ஒருவரான நானா சாகிபைப் பழிவாங்குவதே கதாநாயகனின் லட்சியம். எஃகு யானை உயிருள்ள யானையை வெல்லும் காட்சியை, ஆளவந்தவனின் வெற்றியாகவே ஆசிரியர் ரசித்து எழுதுகிறார். தோற்ற யானைகளின் பக்கத்தில் நின்று பார்க்கும் எண்ணம் அவருக்கு உதிக்கவே இல்லை. பிற்காலத்து நாவல்களின் வளர்ச்சியை அளப்பதற்கு இதைவிடச் சரியான தொடக்கப்புள்ளி கிடைப்பது அரிது.

இவ்விலக்கியம் முதியவர்களின் கையிலிருந்து இளைஞர்களின் கைக்குச் சென்றபோதுதான் அதன் முழு வலிமையும் வெளிப்பட்டது என்பது என் எண்ணம். அதற்கும் சரித்திரத்திலேயே காரணம் இருக்கிறது. இன்றைய நகரத்தைக் களமாகக் கொண்டு எழுதும் ஆசிரியன், பதினான்கு வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ உலகத்தின் போக்கை நிர்ணயிக்கும் ஒரு பொறுப்பைக் கொடுக்க நினைத்தால், பள்ளிக்கூடமும் பெற்றோரும் குறுக்கே நிற்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வயதினர் கப்பலில் எடுபிடியாகவும், பட்டறையில் தொழில் பழகுபவராகவும், ஆலையில் கூலியாகவும் உலக காரியங்களின் நடுவிலேயே இருந்தார்கள். நிலக்கரிச் சுரங்கங்களின் இருட்டில் நாள் முழுவதும் தனியே குந்தி, வண்டி வரும்போது கதவைத் திறந்து மூடுவதற்கு ஐந்தாறு வயதுக் குழந்தைகளையும் அமர்த்தியிருந்தார்கள். 1842ஆம் ஆண்டுச் சட்டம் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் பெண்கள் அனைவரையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது. அவர்கள் விட்டுச் சென்ற இடத்தைப் பெரும்பாலும் மட்டக்குதிரைகள் நிரப்பின. ரயில் வந்த பிறகு பிரிட்டனில் குதிரைகளின் தொகை குறைந்துவிடவில்லை, பெருகியது. நிலையத்துக்கு வரும் சரக்கையும் நிலையத்திலிருந்து போகும் சரக்கையும் இழுப்பதற்கு அவை வேண்டியிருந்தன. குழந்தையும் பிராணியும் யந்திரத்தின் இரு பக்கங்களிலும் பூட்டப்பட்டிருந்தார்கள் என்பது சரித்திர உண்மை. நாவலாசிரியன் அந்தப் பிராணிக்குப் பேச்சையும் மாயத்தையும் தந்தான். மற்றபடி காட்சி அவன் சிருஷ்டித்ததன்று.

இந்த உண்மையை மிக ஆழமாக உணர்ந்தவர் பிலிப் புல்மன். 1995இல் வெளிவந்த அவருடைய நார்தர்ன் லைட்ஸ் சுத்தமான ஸ்டீம்பங்க் அன்று என்று வாதிப்பவர்கள் உண்டு. நீராவியைவிட மின்சாரமும் ஆகாயக் கப்பலுமே அங்கு அதிகம். அந்த வாதத்தை நான் பெரிதாக மதிக்கவில்லை. அந்த உலகத்தில் ஒவ்வொரு மனிதனோடும் அவனுடைய ஆன்மாவின் ஒரு கூறு, டீமன் என்ற பெயரில், ஒரு பிராணியின் உருவத்தில் வெளியே உடன் வாழ்கிறது. குழந்தையின் டீமன் கணந்தோறும் உருமாறும். பருவம் அடைந்ததும் ஓர் உருவத்தில் நிலைத்துவிடும். வட துருவப் பனிவெளியில் போல்வங்கார் என்னும் இடத்தில், திருச்சபையின் ஒரு குழு, தூக்கிவந்த ஏழைக் குழந்தைகளை யந்திரக் கத்தியின் கீழ் நிறுத்தி, டீமனிடமிருந்து துண்டிக்கிறது. துண்டிக்கப்பட்ட சிறுவன் ஒருவன் தன் டீமனுக்குப் பதிலாக ஓர் உலர்ந்த மீனை மார்போடு அணைத்துக்கொண்டு குளிரில் ஒடுங்கிக் கிடக்கும் கட்டம், இளைஞர்களுக்கான இலக்கியத்தில் நான் அறிந்தவற்றுள் மிகக் கொடிய துயரமுடையது. அதைவிடக் கொடியது நாவலின் முடிவில் வருகிறது: துண்டிக்கும் கணத்தில் பெருஞ்சக்தி ஒன்று பீறிட்டு எழுகிறது, அச்சக்தியைக் கொண்டு கதாநாயகியான சிறுமி லைராவின் தந்தை வேறோர் உலகத்துக்கு வழி திறக்கிறார், அதற்காக லைராவின் தோழனான சமையற்கட்டுச் சிறுவனைப் பலியிடுகிறார். குழந்தையும் அதன் பிராணியும் சேர்ந்தே எரிபொருளாகிவிட்டன. விஞ்ஞானத்தின் மகத்தான முன்னேற்றம் என்று போற்றத்தக்க ஒரு சாதனையின் அடியில் இந்த உடல் கிடக்கிறது என்பதைப் பன்னிரண்டு வயது வாசகனுக்கும் விளங்கும்படி, ஒரு வரி உபதேசமும் இல்லாமல், புல்மன் காட்டிவிடுகிறார்.

அந்த நாவலில் வரும் கவசக்கரடியான யோரெக் பைர்னிஸனையும் இங்கே நினைக்க வேண்டும். லைரா அவனை முதலில் காணும்போது அவன் போர்க்களத்தில் இல்லை; ஒரு துறைமுக ஊரின் வண்டிப்பட்டறையில், உடைந்த இரும்பைச் செப்பனிடும் கூலியாக இருக்கிறான். மதுவைக் கொடுத்து மயக்கி அவனுடைய கவசத்தை ஊரார் பறித்துவிட்டார்கள். கரடிக்குக் கவசமே ஆன்மா. தொழிற்கூலியின் அடிமை வாழ்வைச் சித்திரிப்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இருக்கிறதா என்பது சந்தேகம். இந்நாவலுக்கு 1995ஆம் ஆண்டுக்கான கார்னகிப் பதக்கமும், இது தொடங்கிவைத்த முத்தொகுதியின் இறுதிப் பாகத்துக்கு, குழந்தைகள் நூலொன்று அதுவரை பெற்றிராத 2001ஆம் ஆண்டுக்கான விட்பிரெட் பெரும்பரிசும் கிடைத்தன.

புல்மனுக்குப் பிறகு, இந்த வகையின் இலக்கணத்தை முழுமையாக நிறைவேற்றிய நூல் என்று நான் மதிப்பது ஸ்காட் வெஸ்டர்ஃபெல்ட் எழுதிய லெவயதன், பெஹிமத், கோலியாத் என்ற மூன்று நாவல்களை. 2009 முதல் 2011 வரை ஆண்டுக்கொன்றாக வந்த இவற்றுக்குக் கீத் தாம்ஸன், அக்காலத்துச் சித்திரப் பத்திரிகைகளின் பாணியில் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் கதையோடு பிரிக்க முடியாதபடி இணைந்துள்ளன. களம் 1914. ஐரோப்பா இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் கால்களால் நடக்கும் இரும்புப் போர் யந்திரங்களை நம்பும் நாடுகள். பிரிட்டனோ, உயிர்களின் நுண்ணிழைகளைப் பின்னிப் புதிய பிராணிகளைச் சிருஷ்டிக்கும் வித்தையை டார்வினிடமிருந்து கற்றுக்கொண்டு, தன் படைகளையெல்லாம் உயிருள்ள பிராணிகளாகவே அமைத்திருக்கிறது. லெவயதன் என்பது திமிங்கலத்தை அடிப்படையாகக் கொண்ட ஆகாயக் கப்பல். ஒரு தனிப் பிராணி என்று அதைச் சொல்வதற்கில்லை, ஒன்றையொன்று சார்ந்து வாழும் பற்பல உயிர்களின் கூட்டம் என்பதே பொருந்தும். தேனீக்கள் தேன் கொணர்கின்றன. வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் உணவை ஜீரணித்து ஹைட்ரஜனை உண்டாக்குகின்றன. வாயுக் கசிவை மோப்பம் பிடிக்க நாய் போன்ற பிராணிகள் மேலெல்லாம் ஓடித் திரிகின்றன. கூரிய இரும்பாணிகளை விழுங்கிய வௌவால்கள் எதிரியின் தலைக்குமேல் அவற்றைக் கழிக்கின்றன. ஆண்வேடமிட்டு விமானப் படையில் சேர்ந்த டெரின் என்ற பதினைந்து வயதுப் பெண்ணும், சாராயேவோவில் கொலையுண்ட ஆஸ்திரிய இளவரசருக்கு மகனாக ஆசிரியர் கற்பித்த அலெக் என்ற சிறுவனும் இந்தப் பிராணியின் பக்கத்தில் சந்திக்கிறார்கள்.

கதையின் உயிர்நிலை ஸ்விட்ஸர்லாந்தின் பனியாற்றில் இருக்கிறது. காயமுற்று வீழ்ந்த லெவயதன் தன் புண்களை ஆற்றிக்கொள்ளவும் மீண்டும் ஹைட்ரஜனை நிரப்பிக்கொள்ளவும் வேண்டுமானால் அதற்கு ஆகாரம் வேண்டும். அருகிலுள்ள மலைக்கோட்டையில் ஒளிந்திருக்கும் அலெக், பகைநாட்டான் ஆயினும், பல ஆண்டுகளுக்கென்று சேமித்து வைத்த தானியத்தையும் இறைச்சியையும் அதற்குக் கொடுக்கிறான். பின்னர் அவனுடைய நடை யந்திரத்தின் எஞ்சின்களையே அப்பிராணியின் விலாவில் பொருத்தி இரு தரப்பினரும் தப்புகிறார்கள். கப்பலுக்குப் பசிக்கும் என்ற ஒரே எண்ணத்திலிருந்து கதையின் முடிச்சு, பகைவரின் நட்பு, இரும்பும் உயிரும் கூடிய புதிய உடல் ஆகிய அனைத்தும் இயல்பாகப் பிறக்கின்றன. கற்பனையை வெறும் விசித்திரங்களின் குவியலாக விடாமல், அதன் விதிகளை ஆசிரியர் மதித்து நடப்பதால் கிடைக்கும் பயன் இது. இரண்டாம் பாகத்தில் இஸ்தான்புல்லின் சமூகங்கள் தத்தம் புராண உருவங்களில் யந்திரங்களைச் செய்து வைத்திருப்பதும், மூன்றாம் பாகத்தில் நிகோலா டெஸ்லாவின் பேரழிவு ஆயுதத்தின் முன் இரு தத்துவங்களும் ஒருங்கே திகைப்பதும் அந்த மதிப்பின் தொடர்ச்சியே.

கப்பலில் விஞ்ஞானியாக வரும் டாக்டர் நோரா பார்லோ கற்பனைப் பெயர் அன்று. டார்வினின் பேத்தியான அப்பெண்மணி 1885இல் பிறந்து, மரபியலில் ஆராய்ச்சி செய்து, 1958இல் தம் பாட்டனாரின் சுயசரிதையைக் குடும்பத்தார் நீக்கிய பகுதிகளோடு பதிப்பித்தவர். நாவலில் அவர் கயிற்றில் பிடித்துக்கொண்டு உலவும் வளர்ப்புப் பிராணி தாஸ்மேனியப் புலி. அவ்வினத்தின் இறுதியான உயிர் 1936இல் ஹோபார்ட் நகரத்து மிருகக்காட்சிச் சாலையில் மாண்டது. அவர் பாதுகாத்துவரும் மர்ம முட்டைகளிலிருந்து பிறப்பதோ, கேட்ட சொற்களைத் திருப்பிச் சொல்லி அவற்றின் உட்பொருளையும் வெளிப்படுத்தும் தேவாங்கு. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட காடுகளில் வாழும் அந்தச் சிறு பிராணியை நாம் நன்றாக அறிவோம். அதற்கெனக் கடவூரில் 11,806 ஹெக்டேர் பரப்பில் ஒரு சரணாலயத்தைத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது. அகன்ற கண்களும் மெல்லிய கைகளும் கொண்ட தேவாங்கைப் போரின் நடுவே உண்மை பேசும் சாட்சியாக வெஸ்டர்ஃபெல்ட் தேர்ந்தெடுத்ததில் ஒரு பரிவு இருக்கிறது.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சிருஷ்டிக்கப்பட்ட பிராணிகளைக் கண்டு அலெக்குக்கு முதலில் ஏற்படும் அருவருப்பை, அவன் களைந்தெறிய வேண்டிய ஒரு குருட்டுப் பழக்கமாகவே நாவல் நடத்துகிறது. போருக்கென்றே பிறப்பிக்கப்பட்டு, போரிலே மடியும் அந்த உயிர்களின் சம்மதத்தை யார் கேட்டார்கள் என்ற கேள்வி, வாசகனின் மனத்தில் எழுந்து, விடையின்றி நிற்கிறது. மெய்யான 1914 போரில் லட்சக்கணக்கான குதிரைகள் மடிந்தன என்பதை அறிந்தவர்களுக்கு இந்த மௌனம் உறுத்தாமல் இராது. டெரினுக்குத் தன் கப்பலிடம் உள்ள அன்பு மெய்யானது. அந்த அன்பே கேள்வியை மறைத்தும் விடுகிறது.

அந்தக் கேள்வியை நேராகக் கேட்டு, விடையும் தந்த நூல் இதற்குப் பல ஆண்டுகள் முந்தியது. டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய ஹௌல்ஸ் மூவிங் காஸில் நாவலில், நடக்கும் கோட்டையை இயக்குவது அடுப்பில் ஓர் ஒப்பந்தத்தால் கட்டுண்ட கால்சிஃபர் என்ற தீப்பூதம். 2004இல் ஹயாவோ மியாசாகி இதைச் சித்திரத் திரைப்படமாக்கியபோது, கோட்டைக்கு இரும்புத் தகடுகளும் புகைபோக்கிகளும் கோழிக்கால்களும் வாய்த்தன. நாவலில் மறைந்திருந்த ஸ்டீம்பங்க் படத்தில் வெளிப்பட்டது. கால்சிஃபர் ஓயாமல் முறையிடுகிறது. தன் விறகைப் பற்றியும், தன்மேல் வைக்கப்படும் வாணலியைப் பற்றியும், தன்னைச் சுரண்டும் எஜமானனைப் பற்றியும். தொப்பிக் கடையில் தொழில் பழகிய சோஃபி அதனோடு ரகசியமாக ஓர் உடன்பாடு செய்துகொள்கிறாள். முடிவில் ஒப்பந்தம் உடைந்து பூதம் விடுதலை பெற்றுப் பறந்து போகிறது. பிறகு தானாகவே திரும்பி வருகிறது. கட்டாயம் நீங்கிய பின் விருப்பத்தால் செய்யும் வேலை வேறு என்பதை, வேடிக்கையும் கனிவும் கலந்த ஒரு குடும்பக் கதைக்குள் இவ்வளவு எளிதாக வைத்த கலைத்திறம் வியக்கத்தக்கது.

கனடா நாட்டுக் கென்னத் ஒப்பெல் 2004இல் எழுதி, அந்நாட்டின் கவர்னர் ஜெனரல் பரிசைப் பெற்ற ஏர்பார்ன் வேறொரு வழியில் செல்கிறது. மாம்பழ வாசனை வீசும் ஹைட்ரியம் என்ற கற்பனை வாயுவால் மிதக்கும் பயணக் கப்பலில் மாட் குரூஸ் எடுபிடிச் சிறுவன். கேட் என்ற செல்வக் குடும்பத்துப் பெண், தன் பாட்டனார் கண்டதாக எழுதிவைத்த, நிலத்தைத் தீண்டாமல் வானத்திலேயே பிறந்து வாழும் மேகப்பூனைகளைத் தேடி வருகிறாள். இங்கே பிராணிக்கு யாரும் நுகம் பூட்டவில்லை. அறிய விரும்புவதும் ஒருவகைப் பிடிப்புத்தானோ என்ற ஐயம் மட்டும் எழுப்பப்படுகிறது. பறக்க இயலாமல் தீவொன்றில் வீழ்ந்து மரக்கிளைகளிடையே தனித்து வாழும் ஒரு மேகப்பூனையின் காட்சி நெஞ்சை விட்டு அகலாதது. மாட் குரூஸின் தந்தையும் அதே கப்பலில் வேலை செய்து, வானிலிருந்து வீழ்ந்து இறந்தவர். தரையில் நிற்கும்போதெல்லாம் மூச்சுமுட்டும் அந்தச் சிறுவனும் அந்தப் பிராணியும் ஒருவரையொருவர் விளக்குகிறார்கள்.

பிலிப் ரீவ் 2001இல் எழுதிய மார்ட்டல் எஞ்சின்ஸில் மாயப் பிராணி என்று சொல்லத்தக்கது இல்லை. சக்கரங்களின்மேல் உருளும் நகரங்களே அங்கு விலங்குகள், சிறிய ஊரைப் பெரிய நகரம் துரத்தி விழுங்குகிறது, விழுங்கியதை அதன் வயிற்றில் அடிமைகள் பிரித்தெடுக்கிறார்கள். சக்தி வாய்ந்த உருவகம் என்பதற்குமேல் அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. 1878ஆம் ஆண்டு லண்டனில் நிகழும் கஸாண்ட்ரா கிளேரின் இன்ஃபெர்னல் டிவைசஸ் முத்தொகுதி பெரும்புகழ் பெற்றது. ஆனால் அதன் உயிர் மூவரிடை நிகழும் காதலில் இருக்கிறது, யந்திரப் படையைக் கழற்றி வைத்துவிட்டு வேறொரு பகையை அமைத்தாலும் கதை அதிகம் நலியாது. கெயில் காரிகரின் ஃபினிஷிங் ஸ்கூல் வரிசையில், ஆகாயத்தில் மிதக்கும் பள்ளியும் கரி தின்னும் யந்திர நாயும் மகிழ்ச்சி தருகின்றன. அவற்றிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

மேற்சொன்ன நாவல்கள் ஏறக்குறைய எல்லாமே நீராவி யந்திரத்தைக் கண்டுபிடித்தவர்களின் நாட்டிலிருந்தோ, அவர்கள் குடியேறிய நாடுகளிலிருந்தோ எழுதப்பட்டவை. நீராவி யாருடைய நிலத்தின்மேல் வந்து இறங்கியதோ, அவர்களின் பக்கத்திலிருந்து எழுதியவர்களில் கென் லியூ முக்கியமானவர். 2012இல் வெளிவந்த குட் ஹண்டிங் என்ற அவருடைய சிறுகதையில், சீனக் கிராமம் ஒன்றில் பேய் ஓட்டுபவனின் மகன் லியாங்கும், பெண்ணுருவும் நரியுருவும் மாறி மாறி எடுக்கவல்ல யான் என்ற நரித்தேவதையும் சிறுவயதில் சந்திக்கிறார்கள். இருப்புப்பாதை வருகிறது, தண்டவாளங்கள் ஊடறுத்த நிலத்திலிருந்து மாயம் வற்றிப் போகிறது, யான் தன் நரியுருவை இழந்து மனித உடலிலேயே சிறைப்பட்டுவிடுகிறாள். லியாங் ஹாங்காங் சென்று ஆங்கிலேயரின் யந்திரங்களைக் கற்றுத் தேர்கிறான். அங்கே அதிகாரமுள்ள ஒருவன் யானின் உடலைச் சிதைத்து உலோக உறுப்புகளைப் பொருத்திவிட்ட பிறகு, அவள் கேட்டபடி, கற்ற வித்தை அனைத்தையும் கொண்டு அவளுக்கு எஃகாலான நரியுடல் ஒன்றை அவன் சமைத்துத் தருகிறான். வெர்னின் நாவலில் ஆள்பவனின் எஃகு யானை உயிருள்ள யானையை வென்றது. இங்கே ஆளப்பட்டவள் அதே எஃகைத் தன் உடலாக்கிக்கொண்டு வேட்டைக்குப் புறப்படுகிறாள். இழந்த மாயம் பழைய வடிவில் திரும்புவதில்லை என்ற துக்கத்தையும், புதிய வடிவில் திரும்பலாம் என்ற துணிவையும் ஒருசேரத் தாங்கி நிற்பதால், பல பெரிய நாவல்களைவிட இச்சிறுகதையை நான் உயர்வாக மதிக்கிறேன்.

பி. ஜெலி கிளார்க் இதற்கு நேர் எதிரான ஒரு சரித்திரத்தைக் கற்பிக்கிறார். 2021இல் வந்த அவருடைய எ மாஸ்டர் ஆஃப் ஜின் நாவலில், 1912ஆம் ஆண்டுக் கெய்ரோ நகரம் ஜின்களின் தயவால் ஆங்கில ஆட்சியை விரட்டி, லண்டனுக்கும் பாரிஸுக்கும் நிகரான தலைநகராக விளங்குகிறது. மாயம் வற்றவில்லை, யந்திரத்தோடு கூடிச் சிற்பியாகவும் பொறியாளனாகவும் கூலி பெற்று உழைக்கிறது. அதே உலகத்தில் நிகழும் ட்ராம் வண்டிக் கதையொன்றில், ஏவல் செய்யும் உலோகப் பதுமைகளுள் ஒன்று தன்னுணர்வு பெற்றுத் தன் உரிமையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. வாக்குரிமை கோரி நகரத்துப் பெண்கள் கிளர்ச்சி செய்துகொண்டிருக்கும் வேளை அது. புல்மனும் ஜோன்ஸும் பிராணியிடம் வைத்த கேள்வி, இங்கே இரும்பின் பக்கமே வந்துவிட்டது.

லியூவும் கிளார்க்கும் எழுதியவை முதிர்ந்த வாசகர்களுக்கானவை. பதின்பருவத்தினருக்காக, அவர்களுடைய வயதினரையே கதாபாத்திரங்களாக வைத்து, நீராவிக்குத் தன் நிலத்தையும் உழைப்பையும் கொடுத்த நாடொன்றிலிருந்து எழுதப்பட்ட நாவல் எதையும் நான் படித்தவற்றுள் குறிப்பிடக்கூடவில்லை. பொருள் இல்லாமல் இல்லை. பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையேயுள்ள போர் காட் என்னும் மலைச்சரிவில் 1856 முதல் 1863 வரை பாறையைக் குடைந்து இருப்புப்பாதை அமைத்த பல்லாயிரம் கூலிகளுள் பெண்களும் சிறுவர்களும் இருந்தார்கள். கொள்ளைநோய் அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. வெர்னின் எஃகு யானை இழுத்துச் சென்ற வீடுகளில் அமர்ந்து நாட்டைப் பார்த்தவர்களின் கதை நமக்குக் கிடைத்திருக்கிறது. மண்கூடை சுமந்த அந்தச் சிறுவர் சிறுமியரின் தோளருகே எந்தப் பிராணி நின்றது, அது எதைத் தின்றது, எதைச் சுமக்க மறுத்தது என்பதை இனி ஒருவர் எழுத வேண்டும்.